புகையிலை ரசீதும் அடமானத்தில் போன மனிதர்களும்

நம்மவர்கள் பத்துப் பேர் கூடினால் அமெரிக்கப் பேச்சு வராமல் போகாது. பொங்கல் விழாவாகட்டும், நவராத்திரிக் கொலுவாகட்டும், பாதி வீடுகளில் ஒரு பிள்ளையாவது அங்கே இருக்கிறது. மீதி வீடுகளில் கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கிறது. பேச்சு கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "வெறுங்கையோட போனான், உழைச்சான், முன்னுக்கு வந்தான். நம்ம நாட்ல அது இல்ல சார்." இதற்கு நேர் எதிராக இன்னொரு கட்சியும் உண்டு. "அட போங்க சார், எல்லாம் கொள்ளையடிச்ச காசு."

எனக்கு இரண்டு கட்சியோடும் ஒத்துப்போகவில்லை. நான் சரித்திரம் படித்தவன் இல்லை, பி.காம்.தான். ஆனால் வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்ததில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது "நான் சொந்த முயற்சியில் வளர்ந்தவன்" என்று சொன்னால், சந்தோஷம் என்று சொல்லிவிட்டு மூன்று விஷயம் கேட்போம். நிலத்துக்குப் பத்திரம் எப்படி வந்தது? வேலை செய்வது யார், என்ன ஏற்பாட்டில்? இதுவரை வாங்கிய கடனுக்கு ஈடு என்ன? அமெரிக்கா இன்னும் அமெரிக்கா ஆகாத காலத்தை, அதாவது 1607 முதல் 1776 வரையான குடியேற்றக் காலத்தை, இதே மூன்று கேள்வியோடு பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிலம்: பத்திரம் வந்த வழி

முதலில் ஒரு விஷயம். வர்ஜீனியாவை ஆரம்பித்தது அரசன் கூட இல்லை, ஒரு கம்பெனி. நம்ம ஊருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி மாதிரி அங்கே வர்ஜீனியா கம்பெனி. 1606ல் சாசனம் வாங்கினார்கள், 1607ல் ஜேம்ஸ்டவுனில் இறங்கினார்கள். ஒரு பங்கு விலை 12 பவுண்டு 10 ஷில்லிங். தங்கம் கிடைக்கும் என்று நம்பிப் பணம் போட்டவர்களுக்குக் கிடைத்தது பஞ்சமும் காய்ச்சலும்தான். டிவிடெண்டுக்கு வழியே இல்லை.

கம்பெனியின் கையில் இருந்த ஒரே சொத்து நிலம். ஆனால் உழ ஆள் இல்லாத நிலத்துக்கு என்ன மதிப்பு? 1618ல் அதற்கு ஒரு ஸ்கீம் போட்டார்கள். யார் ஒரு ஆளின் கப்பல் செலவைக் கட்டிக் கொண்டுவந்தாலும் ஒரு தலைக்கு 50 ஏக்கர். இங்கேதான் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். 50 ஏக்கர் கப்பலில் வந்தவனுக்கு இல்லை, டிக்கெட் பணம் கட்டியவனுக்கு. சொந்தக் காசில் வந்தவனுக்கு 50 ஏக்கர். பத்துக் கூலியாட்களைக் கொண்டுவந்த பணக்காரனுக்கு 500 ஏக்கர். அதன் மேல் அந்தப் பத்துப் பேரின் உழைப்பும் அவனுக்கே. ஆக, "வெறுங்கையோடு போனவன்" கதையில் முதல் பக்கத்திலேயே கையில் காசோடு போனவனுக்குத்தான் நிலம்.

1635ஆம் வருஷ வர்ஜீனியா நிலப் பதிவு ஒன்றில், இப்படித் தலைக்கணக்கில் காட்டப்பட்டவர்களில் ஒருவன் பெயர் டோனி, "கிழக்கிந்தியன்" என்று எழுதியிருக்கிறது. நம் நாட்டுப் பக்கமிருந்து போன யாரோ ஒருவன். அவன் பெயரால் 50 ஏக்கர் பதிவானது. அவனுக்கு இல்லை, அவனைக் கொண்டுவந்தவனுக்கு.

சரி, அந்த நிலம் யாருடையது? ஏற்கெனவே அங்கே சோளம் விளைவித்துக்கொண்டிருந்த பௌஹாட்டன் மக்களுடையது. சண்டை போட்டுப் பிடித்தது ஒரு வகை. பத்திரம் போட்டுப் பிடித்தது இன்னொரு வகை, எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. பென்சில்வேனியாவில் 1737ல் நடந்ததைக் கேளுங்கள். லெனாப்பே மக்கள் முன்னொரு காலத்தில் "ஒரு ஆள் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் வரை" நிலம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு பழைய காகிதத்தை எடுத்து நீட்டினார்கள் வில்லியம் பென்னின் மகன்கள். லெனாப்பே பெரியவர்கள், சாவகாசமாக நடந்து, உட்கார்ந்து, புகைபிடித்துப் போகிற நடை என்றுதான் நினைத்தார்கள். பென் குடும்பமோ வேகமாக நடக்கக்கூடிய மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, காட்டில் முன்கூட்டியே பாதை வெட்டி வைத்து, ஓட்டமும் நடையுமாக அனுப்பியது. இருவர் பாதியில் விழுந்துவிட்டார்கள். மூன்றாமவன் அறுபது மைலுக்கு மேல் போய்விட்டான். அவ்வளவு நிலமும் போயிற்று. காகிதத்தில் எல்லாம் சட்டப்படிதான். நம் லீகல் டிபார்ட்மென்ட் "டைட்டில் கிளியர்" என்று சீல் குத்திவிடும் :-)

உழைப்பு: ஏன் சங்கிலி தேவைப்பட்டது?

பி.காம். முதல் வருஷப் பொருளாதாரத்தில் படித்திருப்பீர்கள். எது நிறையக் கிடைக்கிறதோ அது மலிவு, எது அரிதோ அதற்கு விலை. அமெரிக்காவில் நிலம் கொள்ளை மலிவு, ஆள் பஞ்சம். அப்படியானால் கூலி எகிறியிருக்க வேண்டும். சுதந்திரமான கூலிக்கு உண்மையிலேயே எகிறித்தான் இருந்தது. ஆடம் ஸ்மித் 1776ல் அதைக் கவனித்து எழுதியிருக்கிறார். குடியேற்றங்கள் செழித்ததற்கு நல்ல நிலம் தாராளமாகக் கிடைத்ததும், தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் சுதந்திரமும் காரணம் என்றார்.

அங்கேதான் நிலச்சுவான்தாருக்குச் சிக்கல். கொஞ்ச நாள் கூலி வேலை பார்த்தவன் சொந்தமாக நிலம் வாங்கிப் போய்விட்டால் இவருடைய ஆயிரம் ஏக்கரில் யார் இறங்குவது? எவ்ஸி டோமர் என்ற பொருளாதார நிபுணர் 1970ல் இதை அழகாகச் சொன்னார். சும்மா கிடக்கும் நிலம், சுதந்திரமான உழைப்பாளி, கை நனையாமல் வாழும் நிலச்சுவான்தார் ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டுதான் ஒரே இடத்தில் இருக்க முடியும். மூன்றாவது நிலைக்காது. வர்ஜீனியா பண்ணையார்கள் நடுவில் இருப்பதை எடுத்துவிட்டார்கள்.

முதலில் எடுத்தது வெள்ளைக்காரனிடமிருந்துதான். இங்கிலாந்தின் ஏழைப் பையன்கள் நாலு முதல் ஏழு வருஷத்துக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்து வந்தார்கள். கப்பல் செலவு, சாப்பாடு, துணி உண்டு, சம்பளம் கிடையாது. அந்தப் பத்திரத்தை எஜமானன் இன்னொருவனுக்கு விற்கலாம். நம் கம்பெனிகளில் எழுதி வாங்கும் இரண்டு வருஷ பாண்டை நினைத்துச் சிரிக்காதீர்கள், அது இதற்குத் தூரத்துச் சொந்தம். அமெரிக்கப் புரட்சி வரை குடியேறிய ஐரோப்பியரில் ஏறக்குறையப் பாதிப் பேர் இப்படி வந்தவர்கள். ஆரம்ப காலத்தில் காலம் முடியும் முன்பே செத்தவர்கள் ஏராளம்.

1619ல் ஆப்பிரிக்கர்கள் இருபது பேருக்குச் சற்று மேல் வர்ஜீனியாவில் இறக்கப்பட்டார்கள். அப்போது சட்டம் இன்னும் கெட்டிப்படவில்லை. அந்தோனி ஜான்சன் என்ற ஆப்பிரிக்கர் அடிமையாக வந்து, விடுதலையாகி, 1651ல் தலைக்கணக்கு ஸ்கீமிலேயே 250 ஏக்கர் வாங்கினார். அவரே ஆள் வைத்து வேலை வாங்கினார். 1655ல் ஜான் காஸர் என்பவன் ஆயுள் முழுக்க இவருக்கே என்று கோர்ட் தீர்ப்பும் வாங்கினார். அவர் 1670ல் இறந்ததும் என்ன நடந்தது? கறுப்பர், ஆகவே அந்நியர் என்று ஜூரி சொல்லி அந்த நிலம் அரசனுக்கே என்று தீர்மானித்தது. பத்திரம் இருந்தது, அனுபவ பாத்தியதை இருந்தது, வாரிசு இருந்தார்கள். சட்டம் ஆளைப் பார்த்து மாறியது.

மாறிய வரிசையையும் பாருங்கள். 1662ல் குழந்தையின் நிலை தாயின் நிலைப்படி என்று சட்டம் வந்தது. எஜமானனுக்கே பிறந்தாலும் அடிமைப் பெண்ணின் குழந்தை அடிமை. வங்கி மொழியில் சொன்னால் அசலோடு வட்டியும் எனக்கே. 1676ல் நத்தானியேல் பேக்கன் தலைமையில் கலகம். வெள்ளைக் கூலிகளும் கறுப்பு அடிமைகளும் சேர்ந்து நின்று ஜேம்ஸ்டவுனையே கொளுத்தினார்கள். இங்கிலாந்தில் கூலி உயர்ந்ததால் பத்திரம் எழுதி வருகிறவர்களும் குறைந்துகொண்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து பண்ணையார்களை ஆப்பிரிக்க அடிமைகள் பக்கம் திருப்பின. 1705ல் எல்லாவற்றையும் ஒரே அடிமைச் சட்டமாகத் தொகுத்துவிட்டார்கள். 1770களில் பதின்மூன்று குடியேற்றங்களின் ஜனத்தொகை சுமார் 25 லட்சம். அதில் ஐந்தில் ஒருவர் அடிமை.

வணிகம்: புகையிலையே ரூபாய்

நான் சில வருஷம் ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் வேலை பார்த்தேன். அங்கே சிகரெட் புகையிலைக்கு 'வர்ஜீனியா' என்றுதான் பெயர். அந்தப் பெயரின் மூலம் இதுதான். 1612 வாக்கில் ஜான் ரோல்ஃப் பயிரிட்டுக் காட்டியதும் ஜேம்ஸ்டவுனில் எல்லோரும் அதில் குதித்தார்கள். 1770களின் தொடக்கத்தில் வருஷத்துக்குச் சுமார் 10 கோடி ராத்தல் ஏற்றுமதி.

நாணயத் தட்டுப்பாடு இருந்ததால் புகையிலையே பணம். வரி புகையிலையில், அபராதம் புகையிலையில். பாதிரியாருக்குச் சட்டப்படி சம்பளம் வருஷத்துக்கு 16,000 ராத்தல். எல்லோரும் மட்டமான இலையைப் பார்த்து வரி கட்டுவார்கள் என்பது நமக்குத் தெரியாதா? 1730ல் ஒரு சட்டம் வந்தது. எல்லாப் புகையிலையும் அரசாங்கக் கிடங்குக்கு வர வேண்டும். இன்ஸ்பெக்டர் பார்த்து மட்டத்தை எரித்துவிட்டு, நல்லதற்கு ரசீது கொடுப்பார். அந்த ரசீது கைமாறிக் கைமாறிப் பணமாகவே ஓடியது. நாம் 2007ல் கிடங்கு ரசீதுக்கென்று தனிச் சட்டம் போட்டு ஆணையம் அமைத்ததை அவர்கள் 1730லேயே செய்துவிட்டார்கள். இந்த இடத்தில் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும்.

1758ல் விளைச்சல் பொய்த்து விலை ஏறியபோது, பாதிரியார் சம்பளத்தை ராத்தலுக்கு இரண்டு பென்னி வீதம் பணமாகக் கொடுத்தால் போதும் என்று சட்டசபை சொல்லிவிட்டது. அவர்கள் லண்டன் வரை போனார்கள், அரசனும் அந்தச் சட்டத்தை ரத்து செய்தான். பாக்கி கேட்டுத் தொடுத்த வழக்கில், 1763ல் ஜூரி கொடுத்த நஷ்ட ஈடு ஒரே ஒரு பென்னி. எதிர்த்து வாதாடிய பாட்ரிக் ஹென்றி அதிலேயே புகழ்பெற்றுவிட்டார். பஞ்சப்படி அரியர்ஸ் கேட்டு நடையாய் நடந்த என் சங்கத் தோழர்களுக்கு இந்தக் கதையைச் சமர்ப்பிக்கிறேன்.

வடக்கே மாசசூசெட்ஸ் பக்கம் அடிமைப் பண்ணைகள் கிடையாது. குடும்பம் உழுகிற சின்ன நிலம், மீன்பிடிப்பு, கப்பல் கட்டுதல். "பாருங்க, சுத்தமான உழைப்பு" என்று இதைத்தான் காட்டுவார்கள். ஆனால் அவர்களுடைய கஸ்டமர் யார்? 1770 வாக்கில் நியூ இங்கிலாந்து ஏற்றுமதியில் பாதிக்கு மேல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனது. அங்கே கரும்புத் தோட்ட அடிமைகளுக்குப் போடுவதற்கென்றே மட்ட ரக உப்பு மீன். திரும்பி வரும்போது வெல்லப்பாகு. அதைக் காய்ச்சி ரம். ரோட் ஐலண்ட் கப்பல்கள் அந்த ரம்மைக் கொண்டுபோய் ஆப்பிரிக்காவில் கொடுத்து ஆட்களை வாங்கின. அந்தச் சின்ன மாநிலத்துக் கப்பல்கள் ஏற்றிய ஆப்பிரிக்கர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். வடக்கும் தெற்கும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கம்.

கடன்: எதன் மேல்?

இனி என் சொந்தத் துறை. பென்சில்வேனியா அரசு 1723ல் ஒரு கடன் அலுவலகம் திறந்தது. நிலத்தை அடமானம் வைத்தால், அதன் மதிப்பில் பாதி வரை, 5 சதவீத வட்டியில் காகிதப் பணமாகக் கடன். ஆண்டுத் தவணை. விவசாயி அதை வைத்து மாடு வாங்கினான், களஞ்சியம் கட்டினான். வட்டி வருமானத்திலேயே அரசாங்கச் செலவு பெருமளவு ஓடியது, வரிச்சுமை குறைந்தது. இளைஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1729ல் இதற்கு ஆதரவாகச் சிறு நூலே எழுதினார். சின்ன விவசாயிக்கு நியாய வட்டியில் கடன் கொடுத்தால் ஊர் எழுந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்த நிலம் லெனாப்பே மக்களிடமிருந்து எப்படி வந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

தெற்கில் வேறு கதை. 1732ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட், அமெரிக்கக் குடியேற்றங்களில் கடன் வசூலை எளிதாக்க ஒரு சட்டம் போட்டது. கடன் பாக்கிக்கு நிலத்தையும், அடிமைகளையும் ஜப்தி செய்து ஏலம் விடலாம். லண்டன் வணிகர்கள் மனுப் போட்டு வாங்கிய சட்டம். விளைவு? ஈடு உறுதியானதால் கடன் தாராளமானது. அந்தக் கடனில் மேலும் அடிமைகள், அவர்கள் மேல் மேலும் கடன். நிலத்தைவிட மனிதன் நல்ல ஈடு, ஏனென்றால் நிலத்தை நகர்த்த முடியாது, மனிதனை எந்தச் சந்தைக்கும் ஓட்டிப் போகலாம். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் நாங்கள் தினமும் ஃபைலில் எழுதும் அதே தர்க்கம்தான் இது. ஈடு எளிதில் விற்கக்கூடியதா? மதிப்பு ஏறுமா? இந்தப் பகுதியில் சந்தை இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட என்னைப் போன்ற ஒரு குமாஸ்தா லண்டனில் இருந்திருப்பான். அவனுக்குச் சாட்டையும் தெரியாது, வயலும் தெரியாது. அவன் பார்த்தது ஈட்டின் மதிப்பை மட்டும்.

இதன் கடைசி வரவு செலவைத் தாமஸ் ஜெபர்சன் வீட்டில் பார்க்கலாம். எல்லா மனிதரும் சமம் என்று 1776ல் எழுதியவர். 1826ல் இறந்தபோது அவர் கடன் ஒரு லட்சம் டாலருக்கு மேல். 1827 ஜனவரியில் மாண்டிசெல்லோ வீட்டில் ஏலம் நடந்தது. சாமான்களோடு 130 மனிதர்களையும் விற்பனைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். எஜமானனின் கடனுக்கு அடிமையின் குடும்பம் பிரிந்தது.

நமக்கு இதில் என்ன?

நமக்கு இதில் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஆட்களை வாங்க ஐரோப்பியர் கொண்டுபோன சரக்கில் நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி முக்கியமானது. சென்னைக் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்து பணம் சேர்த்த எலிஹு யேல், 1718ல் கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்குத் துணி மூட்டைகளும் புத்தகங்களும் அனுப்பினார். துணி விற்றதில் சுமார் 560 பவுண்டு கிடைத்தது. கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். நம் பிள்ளைகள் சீட் கிடைக்குமா என்று தவம் கிடக்கும் அதே யேல்தான். யார்க்டவுனில் 1781ல் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ், 1786ல் இங்கே கவர்னர் ஜெனரலாகி 1793ல் வங்காளத்தில் ஜமீன்தார்களுக்கு நிரந்தர நிலவரித் திட்டம் கொடுத்தார். பிரிட்டிஷ் பேரரசில் 1834ல் அடிமைமுறை ஒழிந்ததும், தோட்டங்களுக்கு ஆள் வேண்டி அதே பழைய "பத்திரம் எழுதி வா" முறையைத் தூசி தட்டி எடுத்தார்கள். மொரீஷியஸ், நேட்டால், பிஜி என்று நம் ஜனம் கப்பல் ஏறியது அப்படித்தான்.

அதனால் "உழைச்சான், முன்னுக்கு வந்தான்" கட்சிக்கு என் பதில்: உழைத்தவர்கள் எல்லோரும் முன்னுக்கு வரவில்லை. நிலமும் கடனும் எட்டிய உழைப்பாளி வந்தான். எட்டாதவன் இன்னொருவனுடைய சொத்துப் பட்டியலில் ஒரு வரியானான். "எல்லாம் கொள்ளை" கட்சிக்கு: கொள்ளை மட்டும் போதுமானால் மெக்சிகோ, பெரு வெள்ளியை அள்ளிய ஸ்பெயின்தான் இன்று முதலிடத்தில் இருக்க வேண்டும். கிடங்கு ரசீது, நில அடமானக் கடன், கைமாறும் பத்திரம் ஆகிய ஏற்பாடுகள் நிஜமாகவே வேலை செய்தன. அதே ஏற்பாடு விவசாயி கையில் கலப்பையாகவும் பண்ணையார் கையில் சங்கிலியாகவும் இருந்தது என்பதுதான் விஷயம்.

வித்தியாசம் எங்கே என்று கேட்டால், நான் ஒன்றே ஒன்றைச் சொல்வேன். வேலை செய்கிறவனுக்கு விட்டுவிட்டுக் கிளம்பும் உரிமை இருந்ததா? நாம் மதுரையையும் தஞ்சாவூரையும் திருநெல்வேலியையும் விட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம். பாஷை தெரியாமல் திண்டாடியிருக்கலாம், இட்லி மாவுக்கு அலைந்திருக்கலாம். ஆனால் கிளம்பி வர முடிந்தது. பிடிக்காவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேட்கலாம், ராஜினாமா கொடுக்கலாம். நம் சம்பளத்துக்கு அடியில் இருக்கிற பலம் அதுதான். வர்ஜீனியாவின் அத்தனை சட்டமும் அந்த ஒன்றைப் பறிக்கத்தான் எழுதப்பட்டது.

இன்றும் முன்பணம் வாங்கிவிட்டு செங்கல் சூளையை விட்டு நகர முடியாத குடும்பம் நம் நாட்டில் இருக்கிறது. கொத்தடிமை முறையை 1976ஆம் வருஷச் சட்டம் ஒழித்தது, காகிதத்தில். நாம் வீடு கட்டும்போது கான்ட்ராக்டரிடம் சிமெண்டு பிராண்டைக் கேட்கிறோம், கம்பி எடையைக் கேட்கிறோம். அந்த ஆட்களுக்கு என்ன முன்பணம் கொடுத்திருக்கிறாய், வேண்டாம் என்றால் போக விடுவாயா என்றும் ஒருமுறை கேட்கலாமே. கேட்பதற்குச் செலவு கிடையாது.

மாற்றுக் கருத்து இருந்தால் பின்னூட்டத்தில் திட்டாமல் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதில் போடுகிறேன்.